சடைச்சி துணித்தது

எலியும் காக்கையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தறியிலிருந்து இறங்கும் ஆடையை யாரும் அறுக்கக் கூடாது என்று ஒரு கட்டளை இருந்தது. நூலுக்கு உயிர் உண்டு, அது அறுபட்டால் வானம் வற்றிப்போகும் என்று சொல்லிவைத்திருந்தான் மலையடிவாரத்து ஊர்த்தலைவன் கொற்றன். அறுக்காத ஆடை தெரு நீளத்துக்கு வளர்ந்தது. அவ்வளவு நீளத்தை யார் உடுத்த முடியும்? கொற்றன்தான் உடுத்தினான். வைக்கோல்போர் மாதிரி உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டு, மிச்சத்தை ஆட்கள் பின்னால் தூக்கிவர, ஊர்வலம் போவான். நெய்தவர்கள் இலையையும் மரப்பட்டையையும் கட்டிக்கொண்டார்கள்.

சடைச்சி நெய்கிறவள். அதிகம் பேசமாட்டாள். சொன்னதை நம்புவாள். போன மழைக்காலத்தில் அவளுக்குப் பிறந்த பிள்ளை ஈர இலைக்குள் விறைத்துச் செத்துப்போனது. பக்கத்திலேயே தறியில் ஆடை ஏறிக் கிடந்தது. அதன் ஓரத்தைக்கூட அவள் அறுக்கவில்லை. என் பிள்ளை போனாலும் ஊருக்கு மழை வேண்டுமே என்று மனத்தைக் கல்லாக்கிக்கொண்டாள்.

இந்த மழைக்கு அவள் தங்கை காத்தாயி பிள்ளை பெற்றாள். கூரை ஒழுகியது. குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. தீ மூட்டச் சுள்ளி தேடி, அரிவாளோடு கொற்றன் வீட்டுப் பின்பக்கம் ஓடிய சடைச்சி, சுவரோரத்தில் ஓர் எலிவளையைக் கண்டு நின்றாள். உள்ளே எலிக்குஞ்சுகள் வெதுவெதுப்பாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றைப் போர்த்தியிருந்தவை அவள் கையால் நெய்த ஆடையின் நறுக்குகள்.

"இது ஏது உனக்கு?" என்று தாய் எலியிடம் கேட்டாள்.

"தலைவன் பெட்டியிலிருந்து கடித்து எடுத்தேன்" என்றது தாய் எலி. "எப்போதும் எடுப்பதுதான்."

"ஐயோ, அறுத்தால் மழை நின்றுவிடுமே!"

எலி தலையை வெளியே நீட்டியது. கொட்டுகிற மழையில் அதன் மீசை நனைந்தது. "நின்றதா?" என்று கேட்டது. "ஒருநாள் கொற்றனே ஓட்டையைப் பார்த்துவிட்டான். அதை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டு, வெளியே சொல்லாதே என்றான்."

சடைச்சி சுள்ளியை மறந்து தெருப்பக்கம் ஓடினாள். எலிக்குஞ்சுக்குக் கிடைத்த நறுக்கு என் பிள்ளைக்குக் கிடைக்கவில்லையே! பொய்யென்று தெரிந்தேவா பார்த்துக்கொண்டிருந்தான்?

தெருவில் கொற்றனின் ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. அவன் தோளில் தண்டோரா போடும் காக்கை. சடைச்சி குறுக்கே போய் நின்றாள்.

"தலைவரே, தங்கச்சி பிள்ளை விறைக்குது. ஒரு முழம் குடுங்க."

"உனக்கென்ன கிறுக்கா? நூலுக்கு உயிர் இருக்கு."

"நூலுக்கு இருக்கிற உயிர் எங்க பிள்ளைகளுக்கு இல்லையா? எலி கடிச்ச ஓட்டையை எந்த மடிப்புல ஒளிச்சு வச்சிருக்கீங்க? அதை ஊருக்குக் காட்டுங்க!"

கொற்றன் முகம் செத்துப்போனது. "பிடிங்கடா இவளை! ஆடையை அறுக்கிற கையை நான் அறுப்பேன்!"

ஆட்கள் தயங்கினார்கள். சடைச்சி பின்னால் ஓடி, தொங்கிய முனையை இடக்கையில் பற்றினாள். அரிவாளை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

சனங்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். மழை நிற்கவில்லை. இன்னும் ஓங்கிப் பெய்தது.

"துணித்துவிட்டாள்! துணித்துவிட்டாள்!" என்று அலறியது காக்கை. அறுப்பதைத் துணிப்பது என்றுதான் அப்போது சொல்வார்கள்.

"ஆமாம், துணிந்துவிட்டாள்!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

சடைச்சி எதையும் கேட்க நிற்கவில்லை. ஓடிப்போய்க் குழந்தையைச் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்துக் குழந்தை வீறிட்டு அழுதது. அதைக் காத்தாயியிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து, செத்துப்போன தன் பிள்ளைக்காக வாய்விட்டு அழுதாள்.

கொற்றனின் ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். பிடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று எழுந்தாள். அவர்கள் தோளிலோ தலைவனிடமிருந்து உருவிய ஆடை மொத்தமும் கிடந்தது.

"அக்கா, அந்த அரிவாளைக் கொஞ்சம் குடு. என் வீட்லயும் பிள்ளை இருக்கு" என்றான் முன்னால் நின்றவன்.

இருட்டுவதற்குள் ஊரே உடுத்திக்கொண்டது. கொற்றன் மரப்பட்டையைக் கட்டிக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்டான். சடைச்சி கடைசிவரை மன்னிக்கவில்லை. மன்னித்திருக்க வேண்டும் என்று அந்த ஊரில் யாரும் சொல்லவும் இல்லை.

அந்த மழைநாள் தொட்டுத்தான் நாம் உடுத்துவதற்குத் துணி என்று பெயர். அதை முதலில் அறுக்க அவளுக்கு வேண்டியிருந்ததே, அதற்குத் துணிவு என்று பெயர்.