ஆம்ப்ளிஃபயரோடு கடைக்குப் போன மூன்று பேர்

இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னது பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா. என் மூத்தவன் வயிற்றில் இருந்தபோது, எதைத் தின்றாலும் குமட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தேன். அக்கா தலைமாட்டில் உட்கார்ந்து சொன்னாள். அன்றைக்குத்தான் ஒரு வாய் கஞ்சி உள்ளே போய் நின்றது.

ஆண்டியப்பன், சுடலைமுத்து, கொம்பையா என்று மூன்று அண்ணன் தம்பிகள். கடவுள் அவர்களுக்கு நல்ல மனசைக் கொடுத்துவிட்டு, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டிருந்தார். அவர்களுடைய அம்மா ஆவுடையம்மாளுக்கு ஒரு வழக்கம். காலையில் வீட்டு ஆம்ப்ளிஃபயரில் முருகன் பாட்டைக் கேட்ட பிறகுதான் பச்சைத் தண்ணீரே குடிப்பாள்.

ஒருநாள் பாட்டு வரவில்லை. வால்யூமைத் திருகினால் கரகர என்றது. இன்னும் கொஞ்சம் திருகினால் தெருவே அதிர்ந்தது. அப்புறம் செத்துப்போனது. அம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். காபி ஆறி ஆடை கட்டியது. அந்த டம்ளரைப் பார்க்கப் பொறுக்காமல் ஆண்டியப்பன் எழுந்தான். மெக்கானிக் சூசைமாணிக்கத்திடம் ஓடினான்.

அவர் கல்யாண வீட்டுக்கு மைக் செட் ஏற்றிக்கொண்டிருந்தார். "வால்யூம் கன்ட்ரோல் தேஞ்சு போச்சுப்பா. கரண்டைப் பிடுங்கிட்டுப் பழசைக் கழட்டி, கடையில காட்டிப் புதுசு வாங்கி வையி. சாயங்காலம் வந்து மாட்டுதேன். அதுல மூணு வயரு இருக்கும், மாறிரப்படாது. நீங்கதான் மூணு பேரு இருக்கியளே, ஆளுக்கு ஒண்ணாப் பிடிச்சுக்கிடுங்க," என்று சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினார்.

ஆண்டியப்பன் சிரிக்கவில்லை. வீடு வரும்வரை அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தான்.

முதலில் கரண்டு. பிளக்கைப் பிடுங்கினார்கள்.

"வயருக்குள்ள மிச்சம் நிக்குமேண்ணே," என்றான் கொம்பையா.

நியாயம்தானே. பெட்டியைப் பரண்மேல் ஏற்றி, பிளக்கைக் கீழே ஒரு வாளிக்குள் தொங்கவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்துச் சுடலைமுத்து வாளியை எட்டிப் பார்த்தான்.

"ஒரு சொட்டு இல்ல. அதான் பாட்டு வரல."

பிறகு பெட்டியைத் திறந்து, மூன்று வயரையும் வெட்டி, பழசைக் கழற்றினார்கள். ஆளுக்கு ஒரு வயரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஞாபகத்துல வச்சாப் போதாதா?" என்றான் சுடலைமுத்து.

"ஒன் ஞாபகமா? போன வாரம் சட்டையைப் போட்டுக்கிட்டே சட்டையைத் தேடுனவன்லா நீ."

"நான் போட்டிருந்தது ஒன் சட்டைண்ணே. தேடுனது என் சட்டை."

"சரி, கடைக்கு யாரு போறது?" என்றான் கொம்பையா.

மூன்று பேரும் அவரவர் வயரைப் பார்த்தார்கள். ஆண்டியப்பன்தான் யோசித்து முடித்தான். "வயரை விடப்படாது. வயரு பெட்டியில இருக்கு. அப்பம் பெட்டியும் கடைக்கு வரட்டும்."

வலது கையில் ஆளுக்கொரு வயர். இடது கை பெட்டிக்கு அடியில். பழைய கன்ட்ரோல் ஆண்டியப்பன் வாயில். மூன்று பேரும் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து கடைத்தெருவுக்குப் போனார்கள். ஏதோ சாமி புறப்பாடு என்று ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பெட்டியைக் கீழ வைங்களேன்," என்றார் கடைக்காரர்.

"வச்சா வயரு மாறிரும் அண்ணாச்சி," என்றான் சுடலைமுத்து.

கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். ஆண்டியப்பன் வாயிலிருந்து பழசை எடுத்தார். புதுசு ஒன்றில் திருகுகிற குமிழையும் மாட்டி, குமிழ் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி அவன் பல்லுக்கு நடுவே வைத்தார். "நல்லாக் கடிச்சுக்கோ. முழுங்கிராத."

வீட்டுக்கு வந்தால், வாசல் ஒடுக்கம். மூன்று பேரும் பெட்டியுமாக நுழைய முடியவில்லை. பக்கவாட்டில் முயன்றார்கள். பின்பக்கமாக முயன்றார்கள்.

"நிலையைப் பேத்துருவமா?" என்றான் கொம்பையா.

"மெக்கானிக்கு அதைச் சொல்லலியே," என்றான் சுடலைமுத்து.

தெருவிலேயே நின்றார்கள். உச்சிவெயில் ஏறிவிட்டது. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் நூலாக வந்தது. "ஏலே, பாட்டு எங்கலே?"

ஆண்டியப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. இந்தா வருதும்மா என்று சொல்ல நினைத்தான். வாய் நிறைய கன்ட்ரோல். "ம்ம்ம்... ம்ம்ம்..." என்றுதான் வந்தது. அது அப்படியே முருகன் பாட்டின் முதல் அடி மாதிரி இருந்தது.

"அண்ணங்கிட்ட இருந்து பாட்டு வருதுடோய்," என்றான் கொம்பையா.

அந்தச் சந்தோஷத்தில் ஆண்டியப்பன் முழு மூச்சாக முழங்கினான். வேப்பமரத்துக் காக்காயெல்லாம் பறந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இம்புட்டுச் சத்தம் எதுக்கு?" என்று கையை நீட்டி, மகன் வாயில் இருந்த குமிழை இடப்பக்கம் திருகினாள். ஆண்டியப்பன் தாய் சொல்லைத் தட்டாதவன், குறைத்தான். வலப்பக்கம் திருகினாள், கூட்டினான். கரகரப்பு கொஞ்சமும் இல்லை.

"பழசுக்கு இது எவ்வளவோ மேல்," என்றாள் அம்மா. ஆறிய காபியை நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தாள்.

சாயங்காலம் சூசைமாணிக்கம் சைக்கிளில் வந்தார். அம்மா அவரைத் தெருமுனையிலேயே மறித்து, "சரியாப் போச்சுய்யா, அருமையாப் பாடுது," என்று திருப்பி அனுப்பிவிட்டாள். வயரை விடலாம் என்று சொல்ல வேறு ஆள் இல்லை.

காலையில் அந்தத் தெருப்பக்கம் யாராவது போனால், சத்தம் கூடுதலாகத் தெரிந்தால், ஆண்டியப்பனை இடப்பக்கம் லேசாகத் திருகிவிட்டுப் போங்கள்.