கால் கிலோ வேணாம்

குன்னூர் கடைத்தெருவில் ஏகாம்பரம் என்றொரு மிட்டாய்க்கடை முதலாளி இருந்தார். தன் பேரைத் தானே ரசித்துச் சொல்லும் மனிதர். அவரிடம் வேலைபார்த்த பிலோமினா ஒருநாள் கடலைமிட்டாயைச் சாக்லேட்டில் முக்கி எடுத்தாள். தின்றவர்கள் சொக்கிப்போனார்கள்.

"இதுக்குக் 'கருப்பழகி'ன்னு பேர் வைக்கலாமுங்க" என்றாள் அவள்.

"என் கடை, என் சாக்லேட்டு! 'ஏகாம்பரம்'னுதான் பேரு. நாளைக்கு ஊரே என் பேரைச் சொல்லணும். இல்லேன்னா நீ வேலைக்கு வராதே!" என்றார் முதலாளி.

"சொல்ல வச்சிடறேனுங்க."

மறுநாள் கடை கொள்ளாத கூட்டம். முதலாளி பட்டுவேட்டி கட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தார்.

"ஏகாம்பரம் பல்லுல ஒட்டுதே!" என்றார் ஒருவர்.

"நல்லாக் கடிச்சு மெல்லுங்கண்ணே" என்ற பிலோமினா, எல்லாருக்கும் கேட்கும்படி கூவினாள்: "வெயில் பட்டு ஏகாம்பரம் இளகுது! ஏகாம்பரத்து மேல எறும்பு ஏறுது, தட்டி விடுங்க! உடைஞ்ச ஏகாம்பரம் பாதி விலை!"

"எனக்கு உடைஞ்ச ஏகாம்பரமே போதும்" என்றாள் ஒரு டீச்சரம்மா.

கடையே குலுங்கிச் சிரித்தது. முதலாளி துள்ளி எழுந்தார்.

"வேணாம்! என் பேரு வேணாம்!"

அப்போதுதான் உள்ளே நுழைந்த லாரி டிரைவர் ஒருவர், தட்டைக் காட்டி, "இது பேரு என்னங்க?" என்று கேட்டார்.

முதலாளி காதில் அது விழவே இல்லை. "வேணாம்! வேணாம்!" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

"சரிங்க, கால் கிலோ வேணாம் கொடுங்க" என்றார் டிரைவர்.

பிலோமினா நிறுத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து அதுதான் பேர். இன்றைக்கும் அந்தக் கடையில் யாராவது 'வேணாம்' என்றால், உடனே பொட்டலம் கட்டிவிடுவார்கள்.