முத்துப்பேச்சியின் முதல் பாடம்

கோவில்பட்டியில் ஞானசிகாமணி என்றொருவர் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினார். அங்கே கூட்டித் துடைக்கிறவள் முத்துப்பேச்சி. ஒருநாள் பாடம் நடக்கும்போதே அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், நானும் வெப் டிசைன் படிக்கணும்."

வகுப்பே சிரித்தது. ஞானசிகாமணி மீசையைத் தடவினார்.

"நம்ம வெப்சைட்ல ஒவ்வொரு வரியும் நானே எழுதினது. அதுல ஒரே ஒரு குறையைக் காட்டு, சும்மாவே சேர்த்துக்கிறேன். காட்டலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"சரி சார்."

பெரிய திரையில் அந்தப் பக்கம் பளபளவென்று வந்தது. முத்துப்பேச்சி மவுஸை வாங்கி ரைட் கிளிக் செய்து, 'வியூ சோர்ஸை' அமுக்கினாள். பக்கத்துக்குப் பின்னால் எழுதியிருந்த கோடெல்லாம் வரிவரியாகத் திறந்துகொண்டது. அதில் ஒரு குறிப்பை விரல் வைத்துச் சத்தமாக வாசித்தாள்.

"'பொற்கொடி கோழிப்பண்ணைக்காகச் செய்தது'ன்னு போட்டிருக்கு சார்."

வகுப்பு மறுபடியும் சிரித்தது, இந்தத் தடவை அவரைப் பார்த்து.

"இதை உனக்கு எவன் சொல்லிக்கொடுத்தான்?"

"நீங்கதான் சார். குறிப்பு எழுதினா பக்கத்துல தெரியாது, கோடுக்குள்ள அப்படியே இருக்கும்னு முதல் நாள் சொன்னீங்க. நான் தரை துடைச்சுக்கிட்டே கேட்டேன். அடுத்தவங்க பக்கத்தைக் காப்பி அடிக்கும்போது நீங்கதான் மறந்துட்டீங்க."

முன்வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டாவது பாடத்தை ஆரம்பிங்க சார்."