மஞ்சாடி கையை விரித்த காலை

அந்தக் காலத்தில் விலங்குகளின் வாயில் பேச்சு இருந்தது. மனிதர்களின் கையில் கேமராவும் புதிதாக வந்திருந்தது. அப்போது குரங்கு ஜாடையுள்ள வளையவால் லெமூர்கள் யாரும் வெயிலைப் பார்த்து உட்கார மாட்டார்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கைகளையும் மார்பின்மேல் இறுக்கிக் கட்டி, கறுப்பும் வெள்ளையுமான வாலைக் கழுத்தோடு சுற்றிக்கொண்டு, கட்டிவைத்த மூட்டை மாதிரி இருப்பார்கள்.

அப்படி இருக்கக் காரணம் இருந்தது. அவர்களுடைய தீவில் காடு எரிந்துபோனது. மிஞ்சியவர்களைப் பிடித்துக் கப்பலின் அடித்தட்டில் போட்டார்கள். அங்கே ஒரே இருட்டு. எப்போதாவது ஒரு விளக்கு இறங்கி வரும். அந்த வெளிச்சம் எந்தத் தாயின் மடியில் விழுகிறதோ, அந்த மடியில் அதற்குப் பிறகு குட்டி இருக்காது. துறைமுகத்துக்குத் துறைமுகம் இப்படித்தான் நடந்தது. கடைசியில் ஒரு கடலோர ஊரின் விலங்குத் தோட்டத்தில் அவர்களை இறக்கிவிட்டார்கள். நல்ல தோட்டம்தான். நிழல் இருந்தது, பழம் இருந்தது. ஆனாலும் மடியில் வெளிச்சம் விழக் கூடாது என்ற பயம் அவர்களோடு சேர்ந்தே இறங்கிவிட்டது.

அவர்களில் ஒருத்தி மஞ்சாடி. மஞ்சாடி விதை மாதிரிச் சிவந்த கண்கள் அவளுக்கு. கப்பலில் ஒரு மகளைப் பறிகொடுத்தவள். தோட்டத்துக்கு வந்த பிறகு அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். துளி என்று பெயர் வைத்தாள். அவன் பிறந்தது கூண்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. அவன் அசையாமல் தூங்கினால் அவளுக்குப் பயம்; மூச்சு வருகிறதா என்று மூக்கை வைத்துப் பார்ப்பாள். அவன் அசைந்தாலும் பயம். கையை இன்னும் இறுக்குவாள்.

பக்கத்துக் கிளையில் கொண்டை இருந்தாள். உச்சியில் முடி தூக்கி நிற்பதால் அந்தப் பெயர். வாய் கொஞ்சம் நீளம்.

"பிள்ளைக்கு மூச்சு முட்டப்போகுதுடி. கொஞ்சம் கையைத் தளர்த்து."

"தளர்த்தினா விழுந்துடுவான்க்கா."

"நானும்தான் பெத்தேன். என் பிள்ளைங்க யாராவது விழுந்துதா?"

"உங்க பிள்ளைங்க எல்லாம் இப்ப எங்கக்கா?"

கொண்டை திரும்பி உட்கார்ந்து வாலைக் கோதிக்கொண்டிருந்தாள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தீவில் பருந்தின் நிழல் விழுந்தால், எந்தக் குட்டி பக்கத்தில் இருக்கிறதோ அதை அள்ளிக்கொண்டு ஓட வேண்டும். பசித்து அழுகிற குட்டிக்கு யார் வேண்டுமானாலும் பால் கொடுக்கலாம். 'இது யார் பிள்ளை?' என்று எவர் கேட்டாலும் எல்லாப் பெண்களும் சேர்ந்து 'என் பிள்ளை' என்று சொல்ல வேண்டும். சொல்லாதவளோடு யாரும் ஒரே கிளையில் உட்கார மாட்டார்கள்.

அந்த வருஷம் தோட்டத்து மேனேஜர் அருளப்பன், ரெஜினா என்ற போட்டோ எடுக்கிற பெண்ணை வரவழைத்தார். உலகத்தில் லெமூர்கள் கொஞ்சம்பேர்தான் மிச்சம் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். இருக்கிறவர்களை இன்னார் இன்னார் என்று தெரிந்துவைத்துக்கொண்டால், ஒருவர் காணாமல் போனாலும் உடனே தெரிந்துவிடும் அல்லவா? ரெஜினா முகத்தை நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று, வாலை நீட்டச் சொல்லி ஒன்று என்று பொறுமையாக எடுத்தாள். விளக்குக் கொளுத்தவே மாட்டாள். வெயில் போதும் அவளுக்கு.

"எல்லாரும் ஒரே மாதிரின்னு நினைச்சேன் சார். ஒருத்தர் மாதிரி இன்னொருத்தர் இல்ல. கண்ணைச் சுத்தி இருக்கிற கறுப்பு வேற, மூக்கு வேற. வால் வளையத்தைப் பாருங்க, ஒண்ணுகூட ஒத்துப்போகாது" என்று அருளப்பனிடம் சொன்னாள். படங்களை ஆபீஸ் அறைச் சுவரில் வரிசையாக ஒட்டினாள்.

மஞ்சாடியின் முறை வந்தது.

"கொஞ்சம் வெயில் பக்கம் திரும்பும்மா. கையை எடுத்தா வயிறும் படத்துல விழும்."

"வயிறு எதுக்கு? எங்க வயித்துல பசியைத் தவிர என்ன இருக்கு?" என்றாள் கொண்டை, மேலிருந்து.

கூண்டே சிரித்தது. ரெஜினாவும் சிரித்தாள். மஞ்சாடி மட்டும் சிரிக்கவில்லை. கட்டிய கையைக் கட்டியபடி, பக்கவாட்டில் மட்டும் படம் எடுக்கவிட்டாள். இப்படியாகச் சுவரில் எல்லாரும் இருந்தார்கள், துளியைத் தவிர.

அடுத்த வாரம் ஒரு கப்பல் வந்தது. கப்பல்காரர் விலங்குகளை அடைத்த தன் கூடைகளை ஒரு ராத்திரி மட்டும் தோட்டத்துக் கொட்டகையில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டிருந்தார். அவரிடம் ஒரு லெமூர் குட்டி இருந்தது. அது கடலிலேயே செத்துப்போனது; அந்த விஷயம் அவருக்கு மட்டும்தான் தெரியும். அதை வாங்கக் காத்திருந்தவருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று யோசித்தபடி வந்தவரின் காதில், கூண்டுக்குள்ளிருந்து 'கீச்' என்று ஒரு சின்னக் குரல் விழுந்தது.

காலையில் நேராக அருளப்பனிடம் போனார்.

"என் குட்டி ஒண்ணு ராத்திரி கூடையிலேர்ந்து தப்பி உங்க கூண்டுக்குள்ள போயிடுச்சுங்க. கப்பல் இப்பக் கிளம்புது."

அருளப்பன் நியாயமான மனிதர். யாரும் தன்னைத் திருடன் என்று சொல்லிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருப்பவர். "எங்க பிள்ளைங்க எல்லாரும் அந்தச் சுவத்துல இருக்காங்க. சுவத்துல இல்லாத குட்டி இருந்தா நீங்க தாராளமா எடுத்துக்குங்க" என்றார். அப்படி ஒரு குட்டி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

கப்பல்காரர் சாக்கை உதறி எடுத்துக்கொண்டார்.

ரெஜினாவும் சேர்ந்துகொள்ள, மூவரும் கூண்டுக்குப் போனார்கள். மஞ்சாடியின் கைக்குள்ளிருந்து மறுபடியும் 'கீச்' என்றது. அருளப்பனின் முகம் மாறியது.

"இது யார் பிள்ளை?" என்று கேட்டார்.

வழக்கம் வழக்கம்தானே. மேல் கிளையிலிருந்து, கீழ்க் கிளையிலிருந்து, தண்ணீர்த் தொட்டியின் ஓரத்திலிருந்து எல்லாப் பெண்களும் "என் பிள்ளை" என்றார்கள். வயசான ஆண் ஒருவன்கூட, ஒரு வேகத்தில் "என் பிள்ளை" என்றுவிட்டு, எல்லாரும் பார்த்ததும் தலையைச் சொறிந்துகொண்டான். "நான் பெத்தது, நான் பெத்தது" என்று மஞ்சாடி சொன்னது அந்தச் சத்தத்தில் எங்கோ போய்விட்டது.

கப்பல்காரர் சிரித்தார். "பார்த்தீங்களா? ஒரு குட்டிக்கு இத்தனை அம்மா. அப்படின்னா எல்லாரும் பொய் சொல்றாங்க."

கொடுத்த வாக்கு அருளப்பனின் வாயை அடைத்துவிட்டது. கப்பல்காரர் கூண்டுக் கதவைத் திறந்து குனிந்து உள்ளே நுழைந்தார்.

ரெஜினா ஆபீஸுக்கு ஓடினாள். மஞ்சாடியின் படத்தைச் சுவரிலிருந்து பிய்த்து ஜன்னல் பக்கம் பிடித்தாள். மாதாவே, ஏதாவது ஒன்று தெரியட்டும். முகம், தோள், கட்டிய கை. முழங்கைக்குக் கீழே ஒரு கீற்று. நிழல் என்றுதான் அன்றைக்கு விட்டுவிட்டாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். நிழல் இல்லை. ஈர்க்குச்சி மாதிரி ஒரு குட்டி வால். அதில் ஒரு வளையம் முழுசாகச் சேராமல், பிறை மாதிரி வாய் திறந்திருந்தது.

அவள் திரும்பி வந்தபோது கப்பல்காரரின் கை மஞ்சாடியின் தோளில் இருந்தது.

"கையை எடுங்க. இந்தப் படம் போன வாரம் எடுத்தது. உங்க கப்பல் வந்தது நேத்து. இதுல இருக்கிற குட்டி உங்களோடதா எப்படி இருக்கும்?"

கப்பல்காரர் படத்தைப் பார்த்தார். "இது அவ வால் நுனிம்மா. இல்லேன்னா நிழல்."

"பிறை வளையம் இருக்கு. குட்டியோட வாலைப் பார்த்துடலாமே" என்றார் அருளப்பன். அவருக்குக் குரல் திரும்பியிருந்தது.

"பார்க்கலாமே. நானே பிடிச்சுக் காட்டுறேன்."

"நீங்க தொடக் கூடாது. அவளே காட்டட்டும்" என்ற ரெஜினா, கம்பியருகில் மண்டியிட்டாள். "மஞ்சாடி, இங்க நிழலா இருக்கும்மா. கிழக்கே திரும்பிக் கையை எடு. வெயில் அவன்மேல நேரா விழணும்."

மஞ்சாடி நகரவில்லை. பின்னால் வெயில் காத்திருந்தது. முன்னால் சாக்கு வாயைத் திறந்துகொண்டிருந்தது.

"வெளிச்சம் பட்டா எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்றாள்.

"படலேன்னாலும் எடுத்துட்டுப் போவாங்கடி" என்றாள் கொண்டை. அவள் கிளையிலிருந்து இறங்கி வந்து, கப்பல்காரருக்கும் மஞ்சாடிக்கும் நடுவில் உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். அவள் இனத்தில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். "இது என் பிள்ளை இல்ல. அவ பிள்ளை."

தொட்டி ஓரத்திலிருந்து ஒருத்தி மெதுவாக, "என் பிள்ளை இல்ல. அவ பிள்ளை" என்றாள். இன்னொருத்தியும் சொன்னாள். சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தியாக இறங்கி வந்து கொண்டையின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கப்பல்காரர் ஓரடி பின்வாங்க வேண்டியிருந்தது.

மஞ்சாடி கிழக்கே திரும்பினாள். கண்கள் கூசின. கட்டி வைத்தே மரத்துப்போன கைகளைப் பிரித்தாள். முதலில் ஒன்று. பிறகு மற்றது. இரண்டையும் அகல விரித்து முழங்கால்மேல் வைத்தாள். அவன் விழப்போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

விழுகிற சத்தம் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தாள். துளி தன் சின்னக் கைகளால் அவள் வயிற்று முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, முதல்முறையாக வெயிலைப் பார்த்து, தும்மினான். அவன் வால் நேராகத் தொங்கியது. அதில் பிறை வளையம் பளிச்சென்று தெரிந்தது.

அருளப்பன் படத்தையும் பார்த்தார், வாலையும் பார்த்தார். "கப்பல் கிளம்புதுன்னு சொன்னீங்களே" என்றார். கப்பல்காரர் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

"அப்படியே இரும்மா, அசையாதே" என்று ரெஜினா கேமராவை எதிரே நிறுத்திவைத்தாள். படம் எடுத்து முடிந்த பிறகும் மஞ்சாடி கையை மடக்கவில்லை. வயிற்றில் வெயில் இதமாக இருந்தது. மறுநாள் விடிந்ததும் கொண்டை அவள் பக்கத்தில் வந்து அதேபோல் உட்கார்ந்தாள். அவள் மடியில் குட்டி இல்லை. இருந்தாலும் கைகளை விரித்துவைத்தாள்.

அன்று முதல்தான், உலகில் எந்தத் தோட்டத்தில் இருந்தாலும், விடிந்ததும் லெமூர்கள் கிழக்கே பார்த்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் அகல விரித்துவிடுகிறார்கள். குட்டி தானாகவே பிடித்துக்கொள்கிறது.