அடைகல்லுக்கு எவ்வளவு உயரம்

தாணுலிங்கம் ஆசானுக்க பட்டறையில அடைகல்லுக்குக் கீழே கிடந்த பலாக்கட்டையைக் கரையான் தின்னுட்டு. தின்னது யாருக்கும் தெரியல்ல. ஒரு நாள் காலையில பார்த்தா, கல்லு ஒரு பக்கமா சாஞ்சு, குடிச்சிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி நிக்குது. கல்லுன்னு பேருதான். முழு இரும்பு. பழுத்த கம்பியை அது மேல வச்சுத்தான் அங்க கத்தி அடிக்கிறது.

"இனி மரம் வேண்டாம். இரும்புல ஸ்டாண்டு செய்வோம். எஸ்தரக்கா செய்யட்டும்"னாரு ஆசான்.

சம்மட்டி அடிக்கிற மிக்கேல் சிரிச்சான். "கத்தியே நேரா வரல்ல. ஸ்டாண்டு எங்க வரப்போவுது?"

எஸ்தர் ஆசானை விட மூப்பு. ரப்பர் தோட்டத்துல பால் வெட்டிட்டு இருந்தவ, அந்தக் கத்தியை நானே அடிக்கணும்னு சொல்லி வந்து சேர்ந்தா. அவ அடிக்கிற கத்தி மட்டும் கோணும். ஆசான் போன வாரம் சொல்லிட்டாரு. இன்னொண்ணு கோணினா கல்லுப் பக்கம் வரவேண்டாம், கத்திக்குப் பிடி போடுற வேலைக்குப் போயிரணும். பிடி போடுறது மோசமான வேலை இல்ல. ஆனா அதுக்காக அவ தோட்டத்தை விட்டுட்டு வரல்ல.

ஆசான் நல்ல வளத்தி. கல்லு அவரு உயரத்துக்குத் தக்க இருக்கும். எஸ்தர் குட்டை, ஒரு பலகையில ஏறி நின்னுதான் அடிக்கணும். அவ வந்த நாள்ல பலகையைப் போட்டது மிக்கேல். அது ஆடும். எடுன்னு யாரும் சொல்லல்ல, அவளும் கேக்கல்ல.

"ஆசானே, ஸ்டாண்டு எவ்வளவு உயரம் வேணும்?"

"நிக்கிற ஆளு கையை முட்டியாப் பொத்தித் தொங்கவிட்டா, கல்லுக்க முகத்துல தொடணும்."

"எந்த ஆளு?"

ஆசான் டீயைக் குடிச்சாரு. கிளாசைக் கழுவி வச்சாரு. சைக்கிளை எடுத்துட்டு குலசேகரத்துக்கு கரி வாங்கப் போயிட்டாரு.

எஸ்தர் கனத்த பைப்பை அறுத்தா. மூணு கால், மூணும் வெளியே விரிச்சு வச்சு வெல்டு அடிச்சா. மேல தடிச்ச பிளேட்டு. பைப்புக்குள்ள மணலை இடிச்சு நிறைச்சு மூடினா, அடிக்கும்போது மணி மாதிரி கத்தாம இருக்க.

"நாலு கால் வைக்கண்டாமா?"ன்னான் மிக்கேல்.

"இந்த மேடுபள்ளத் தரையில நாலு வச்சா ஒண்ணு எப்பவும் சும்மா நிக்கும். சும்மா நிக்க இங்க நீ இருக்கியே."

ரெண்டு பேரும் கல்லைத் தூக்கி மேல வச்சாங்க. எஸ்தர் கையைப் பொத்தித் தொங்கவிட்டா. தொட்டுது.

மிக்கேலுக்கு அப்பதான் விளங்கிச்சு. "ஐயோ எக்கா, தாழ்ந்து போச்சு. குனிஞ்சு குனிஞ்சு ஆசானுக்க நடு ஒடிஞ்சிரும். அவரு வர முந்தி கால் உயரத்தைக் கூட்டு."

"மாட்டேன்."

"அவரு கேட்டா?"

"அவருட்டயும் இதையேதான் சொல்லுவேன்."

ஆசான் வந்தாரு. கரிமூட்டையை இறக்கினாரு. ஸ்டாண்டைச் சுத்தி வந்து, காலால ஒரு உதை விட்டாரு. ஆடல்ல. கையைத் தொங்கவிட்டுப் பார்த்தாரு. கல்லு ரொம்பக் கீழே கிடந்துது.

"யாருக்க உயரம்?"

"எனக்க உயரம்."

"பட்டறை யாருக்க?"

"உங்களுக்க. கோணுற கத்தி எனக்கது."

"கூட்டி வைக்கச் சொன்னா?"

"வேற ஆளை வச்சுக் கூட்டுங்க. நான் தொடமாட்டேன். இனி பலகையிலயும் ஏறமாட்டேன். பிடி போடுறதுக்கும் போகமாட்டேன். வேணும்னா வீட்டுக்குப் போறேன்."

மிக்கேல் மெதுவா சம்மட்டியைக் கீழே வச்சான்.

"வீட்டுக்கு அப்புறம் போலாம். முதல்ல அடி"ன்னாரு ஆசான்.

எஸ்தர் கம்பியைப் பழுக்க வச்சா. தரையில காலை ஊன்றி நின்னா. அடிச்சா. மிக்கேலைக் கூப்பிடல்ல, சின்னச் சுத்தியலாலயே அடிச்சு முடிச்சா. தண்ணியில முக்கி எடுத்து ஆசான் கையில குடுத்தா.

ஆசான் வாசல் வெளிச்சத்துல ஒத்தைக் கண்ணை மூடிப் பார்த்தாரு. கத்தியைச் சுவருல, விக்கிற கத்திகளோட வரிசையில மாட்டினாரு.

அப்புறம் அவரே ஒரு கம்பியை எடுத்தாரு. குனிஞ்சு அடிச்சாரு. கொஞ்சம் அடிச்சதும் நடுவைப் பிடிச்சாரு. திரும்பவும் குனிஞ்சாரு. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாரு.

கோணல்.

மிக்கேல் நெஞ்சில சிலுவை போட்டான். "ஆசானுக்கே கோணிட்டு! நான் அப்பவே சொன்னேன். வெல்டிங் மெஷினைப் போடட்டுமா ஆசானே? ஒரே நிமிஷம், காலைக் கூட்டிரலாம்."

எஸ்தர் கல்லு மேல கையை வச்சுட்டு நின்னா. எடுக்கல்ல.

ஆசான் கோணின கத்தியைப் பழைய இரும்புக் குவியல்ல எறிஞ்சாரு.

"ஸ்டாண்டைத் தொடாத. மம்மட்டியை எடு. கல்லுக்கு அந்தப் பக்கம் எனக்கு நிக்க ஒரு குழி வெட்டு."