பத்தாம் நம்பர் முட்டை

"ஜெயிச்சுட்டோம்! ஏரிப் பிரிவுக்குப் போயிட்டோம்!"

நாணல்குளத்துத் தவளைகள் தொண்டை கிழியக் கத்தின. கத்தாமல் என்ன செய்யும்? அந்தக் காட்டில் கால்பந்து வெறும் விளையாட்டு இல்லை. சித்திரை பிறந்தால் சின்னக் குளமெல்லாம் வற்றிவிடும். மலையடிவாரத்துப் பெரிய ஏரியில் மட்டும்தான் தண்ணீர் நிற்கும். ஏரிப் பிரிவில் ஆடும் அணிகளின் ஊர்க்காரர்கள்தான் கோடையில் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம். கடைசியாக வருகிற அணி கீழே இறங்க வேண்டும். இறங்கினால் அந்த ஊருக்கே சேற்றுக் குட்டைதான். அது காட்டுச் சட்டம்.

இத்தனை காலமும் சேறு குடித்த ஊர் நாணல்குளம். அதை மேலே தூக்கிவிட்டது ஒரு சின்னப் பெண். மிளகி என்ற சருகுமான். முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். ஆனால் பந்து அவள் காலுக்கு வந்துவிட்டால், அது எந்தப் பக்கம் போனது என்று எதிரணிக்குத் தெரியாது. கோலுக்குள் போய் எட்டிப் பார்த்தால்தான் தெரியும்!

முன்னால் மிளகி கோல் போடுவாள். பின்னால் கூழைக்கடா பேச்சியம்மா கோல் காப்பாள். வருகிற பந்தை அலகுப் பையில் லபக்கென்று வாங்கிக்கொள்வாள். வாய் ஓயாமல் பேசுகிறவள், பந்து வரும்போது மட்டும் மூடுவாள்.

அணியின் தலைவர் கொம்பையா என்ற எருமை. அவர் பந்தைத் தொட்டதே கிடையாது. ஆனால் மேல் பிரிவுக்கு வந்த மறுநாளே அவருக்கு நடை மாறிவிட்டது. கழுத்தில் நாணல் மாலை. நான்கு காலும் தரையில் படுகிறதா என்றே சந்தேகம்.

அந்த நேரம் பார்த்து ஒரு குயில் வந்து கிளையில் உட்கார்ந்தான். ஆட்டக்காரர்களை அணிக்கு அணி மாற்றிவிடும் தரகன் அவன். குரல் என்றால் குரல்! பொய்யைக்கூட ராகம் போட்டுத்தான் சொல்வான்.

"வாழ்த்துகள் அண்ணாச்சி! ஆனா எனக்கு ஒரே கவலையா இருக்கு!"

"என்னய்யா கவலை?"

"மேலே வந்துட்டீங்க. மேலே இருக்கிறவங்க மாதிரி யோசிக்க வேண்டாமா? அங்கே முதல் இடத்துல இருக்கிற வேங்கைமேட்டு அணிகிட்ட வருங்காலம் இருக்கு. உங்ககிட்ட என்ன இருக்கு?"

"எங்ககிட்ட மிளகி இருக்கா!"

"அவ இப்போ இருக்கா, அண்ணாச்சி. நான் கேட்டது வருங்காலம்!"

கொம்பையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் ரொம்பப் புரிந்ததுபோலத் தலையை ஆட்டினார்.

குயில் சிறகுக்குள்ளிருந்து ஓர் இலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். உள்ளே ஒரு வெள்ளை முட்டை.

"முன்னெல்லாம் பெரிய அணிகள் கன்றுகளை வாங்கினாங்க. அப்புறம் பால்குடி மறக்காத குட்டிகளை வாங்கினாங்க. இப்போ அதெல்லாம் பழசு! முட்டையிலேயே வாங்கணும். பிறந்த பிறகு கேட்டா யாரு தருவாங்க?"

"உள்ளே யாரு இருக்கறது?"

"ஸ்ஸ்! மெதுவாப் பேசுங்க! வேங்கைமேட்டுக்காரங்க காதுல விழுந்தா அள்ளிட்டுப் போயிடுவாங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். இது பிறக்கிற அன்னைக்குக் காடே மூக்குல விரல் வைக்கும்!"

உண்மையைச் சொன்னால், அந்த முட்டையை அவன் அன்று காலைதான் ஆற்றங்கரை மணலில் பொறுக்கியிருந்தான். உள்ளே யார் என்று அவனுக்கே தெரியாது!

"சரி, இதுக்கு நாங்க என்ன தரணும்?"

"பெரிசா ஒண்ணும் வேண்டாம். மிளகியை வேங்கைமேட்டுக்கு விட்டுக்கொடுங்க. அவங்ககிட்ட நான் பேசிக்கறேன். முட்டை உங்களுக்கு!"

அன்று சாயங்காலமே ஊர்க்கூட்டம் கூடியது. முட்டையைப் பார்த்ததும் பேச்சியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரு? குயிலா முட்டை விக்கிறான்? அவன் வம்சத்துல எவனாவது ஒரு முட்டைமேல உட்கார்ந்து அடைகாத்திருக்கானா? காக்கா கூட்டுல போட்டுட்டு ஓடறவன் பேச்சைக் கேட்டு, ஊருக்குத் தண்ணி வாங்கிக் கொடுத்த பிள்ளையை அனுப்பப் போறீங்களா? உங்களுக்கெல்லாம் புத்தி மழுங்கிப்போச்சா?"

"பேச்சியம்மா, நீ இன்னும் கீழ்ப் பிரிவிலேயே இருக்கே!" என்றார் கொம்பையா.

மிளகி முன்னால் வந்து நின்றாள்.

"தலைவரே, நான் எங்கேயும் போகலை. எங்க அம்மாவுக்கு முன்னங்கால் விளங்கலை. குட்டைச் சேத்துல இறங்கினா அவளால திரும்ப ஏற முடியாது. அவ ஏரித் தண்ணி குடிக்கணும்னுதான் நான் ஆடறேன். என்னை இங்கேயே ஆட விடுங்க!"

"நீ நல்லாத்தான் ஆடறே, கண்ணு. யாரு இல்லைன்னா? ஆனா நீ எவ்வளவுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. இந்த முட்டை எவ்வளவுன்னு யாருக்காவது தெரியுமா? தெரியாது! அங்கேதான் இருக்கு விஷயம்!"

"ஆமா! ஆமா! வருங்காலம்! வருங்காலம்!" என்று தவளைகள் கத்தின. முந்தாநாள் வரை "மிளகி! மிளகி!" என்று கத்திய அதே தவளைகள்தான்.

மிளகி அழுதுகொண்டே போனாள். நொண்டிக்கொண்டு கரைவரை வந்த அவள் அம்மா, மகள் மறைகிற வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். மிளகி போட்டிருந்த பத்தாம் நம்பர் சட்டையை முட்டைக்குச் சுற்றினார்கள். முட்டைக்குக் காலையில் பாட்டு, மாலையில் விசிறல். பக்கத்து ஊர்களிலிருந்து முட்டையைப் பார்க்கக் கூட்டம் வந்தது. "எப்படி அசையாம இருக்குது பாருங்க! என்ன நிதானம்!" என்று ஒரு முள்ளம்பன்றி வியந்தது.

முட்டை பொரிய வேண்டுமே? அடைகாக்க ஆள் வேண்டுமே? கொம்பையா ஊரையே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பேச்சியம்மாவிடம் வந்தார்.

"உனக்குத்தான் பெரிய உடம்பு. நீயே உட்காரு."

"அப்போ கோலை யாரு பார்க்கறது?"

"கோல்ல நீ சும்மாதானே நிக்கறே? அங்கேயே கூடு கட்டித் தர்றோம். உட்கார்ந்துகிட்டே நில்லு!"

"உட்கார்ந்துகிட்டே எப்படி அண்ணே நிக்கறது?"

மறுநாளே கூடு கோலுக்குள் வந்துவிட்டது. முட்டை என்ன பாவம் செய்தது என்று பேச்சியம்மா உட்கார்ந்தாள். கைக்கெட்டின பந்தை, இல்லை, அலகுக்கெட்டின பந்தைப் பிடித்தாள். எட்டாததை விட்டாள். எழுந்து பாய்ந்தால் போதும், "சூடு ஆறிடும்! உட்காரு!" என்று கொம்பையா கத்துவார்.

வாரம் போனது, மாதம் போனது. முட்டை அப்படியே இருந்தது.

"கோழி முட்டையா இருந்தா இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருக்கும்!" என்றாள் பேச்சியம்மா.

"பெரிய திறமை மெதுவாத்தான் வெளியே வரும்!" என்று குயில் கிளையிலிருந்து பாடினான்.

கோல் போட ஆளில்லை, தடுக்க எழுந்திருக்க ஆளில்லை. ஆனாலும் உருண்டு புரண்டு நாணல்குளம் கடைசி ஆட்டம் வரை தாக்குப்பிடித்தது. வேறு இரண்டு அணிகளும் ஆளுக்கொரு முட்டை வாங்கியிருந்ததுதான் காரணம். கடைசி ஆட்டத்தில் சமன் செய்தால் போதும், ஏரி தங்கிவிடும். தோற்றால் குட்டை. எதிரணி வேங்கைமேடு.

மிளகி வேங்கைமேட்டில் என்ன ஆனாள்? ஒன்றும் ஆகவில்லை. வருடம் முழுக்க அவளைப் பாறைமேல் உட்கார வைத்திருந்தார்கள். வேங்கைமேடு அவளை வாங்கியது ஆட விடுவதற்காக இல்லை. வேறு யாரும் ஆட விடக் கூடாது என்பதற்காக!

ஏரிக்கரை மைதானம். நடுவர் யானை தும்பிக்கையால் ஊதினார். ஆட்டம் தொடங்கியது. நாணல்குளத்துக்காரர்கள் அன்று உயிரைக் கொடுத்து ஆடினார்கள். நீர்நாய்கள் விழுந்து தடுத்தன. முயல்கள் குறுக்கே பாய்ந்தன. பேச்சியம்மா உட்கார்ந்தபடியே மூன்று பந்துகளைப் பையில் வாங்கினாள். ஒரு கோலும் விழவில்லை.

வேங்கைமேட்டுக் கேப்டன் சிறுத்தைக்குக் கோபம் தலைக்கேறியது. பாறையைப் பார்த்து உறுமினான்.

"ஏய் சருகு! இறங்கு! உன் ஊர்தானே, வழி தெரியும்ல?"

மிளகி இறங்கினாள். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு மரத்தில் சாய்ந்து நின்ற அம்மாவைப் பார்த்தாள். ஆனால் போட்டிருக்கிற சட்டைக்காக ஓடாமல் நிற்கிற பிள்ளை இல்லை அவள்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். பந்து மிளகியிடம் வந்தது. ஓடினாள். நாணல்குளத்துக்காரர்கள் ஒருவராலும் தொட முடியவில்லை. எதிரே கோல். கோலுக்குள் பேச்சியம்மா.

சரியாக அந்த நொடியில் கூட்டுக்குள் 'டிக்' என்று சத்தம் கேட்டது.

"பொரியுது! பொரியுது!" என்று கொம்பையா அலறினார். "எல்லாரும் வாங்க! வருங்காலம் வருது!"

அவ்வளவுதான். நீர்நாய்கள் திரும்பி ஓடின. முயல்கள் ஓடின. தவளைகள் மைதானத்துக்குள்ளேயே குதித்தன. எல்லாரும் கூட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். கொம்பையா குறுக்கே நின்று பேச்சியம்மாவின் கழுத்தைக் கொம்பால் திருப்பினார்.

"இந்தப் பக்கம் பாருடி! முட்டையைப் பாரு!"

"பேச்சி அத்தை! பந்து வருது!" என்று மிளகி கத்தினாள்.

கத்திவிட்டுத்தான் உதைத்தாள். அதுவும் மூலைக்கு இல்லை. நேராகப் பேச்சியம்மாவின் அலகுக்கு. தூக்கத்தில்கூட அத்தை அதைப் பிடித்துவிடுவாள் என்ற நம்பிக்கை. ஆனால் அத்தையின் முகம் அங்கே இல்லை. பந்து அவள் பிடரியை உரசிக்கொண்டு உள்ளே போனது.

கோல்!

யானை நீளமாக ஊதினார். ஆட்டம் முடிந்தது. மிளகி நின்ற இடத்திலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

நாணல்குளத்துக்காரர்கள் அதைக்கூடக் கவனிக்கவில்லை. முட்டை இரண்டாகப் பிளந்தது. பத்தாம் நம்பர் சட்டைக்குள்ளிருந்து முதலில் ஒரு தலை வந்தது. வந்த வேகத்தில் உள்ளே போய்விட்டது. அப்புறம் ஒரு கால் வந்தது. கொஞ்சம் யோசித்தது. அப்புறம் இன்னொரு கால்.

ஆமை!

காடே மூக்கில் விரல் வைத்தது. அந்த ஒரு வார்த்தையில் மட்டும் குயில் பொய் சொல்லவில்லை.

"டேய் குயிலு!" என்று கொம்பையா உறுமினார். "இது என்னடா?"

குயில் அதற்கும் ஒரு ராகம் போட்டான்.

"அண்ணாச்சி, அதிர்ஷ்டத்தைப் பாருங்க! மத்தவங்க வாங்கினதெல்லாம் பத்து வருஷத்துல கிழமாயிடும். இவன் நூறு வருஷம் ஆடுவான்! இதுக்குப் பேருதான் நீண்டகாலத் திட்டம்!"

சொல்லிவிட்டுப் பறந்தான். கீழ்ப் பிரிவிலிருந்து புதிதாக மேலே வருகிற அணி எது என்று விசாரிக்கப் போனான்.

நடுவர் யானை மெல்ல நடந்து வந்தார். அவருக்கே சொல்லச் சங்கடமாக இருந்தது.

"சட்டம் சட்டம்தான். நாளையிலிருந்து நாணல்குளத்துக்காரங்க இந்தக் கரைக்கு வரக்கூடாது. குட்டைக்குப் போகணும்."

மிளகியின் அம்மா தன் விளங்காத காலைப் பார்த்தாள். பின்னால் பளபளவென்று கிடந்த ஏரியைப் பார்த்தாள். மிளகி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "நான் வேணும்னு செய்யலைம்மா!" என்றாள். "தெரியும்டி, பார்த்தேன்," என்றாள் அம்மா.

கொம்பையா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊரின் நம்பிக்கையெல்லாம் சுமந்து பிறந்த ஆமைக் குஞ்சு மறுபடி தலையை நீட்டியது. சுற்றி நின்ற அத்தனை முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. வாயைத் திறந்து முதல் வார்த்தை பேசியது.

"தாகமா இருக்கு. நம்ம ஊர்ல தண்ணி எங்கே இருக்கு?"

கண்முன்னே ஓடி ஆடுகிற பிள்ளையைக் கொடுத்துவிட்டு, உள்ளே என்னவென்று தெரியாததை வாங்கிக் கொண்டாடும் ஊர், தன் குடிதண்ணீரையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது.