மூங்கிலரிசிக்கு ஒரு காவலர்

மேல்காட்டு ஆலமரப் பொந்தில் காட்டுக்கே பொதுவான மூங்கிலரிசி இருந்தது. கோடையில் எல்லா உயிரும் அதை நம்பித்தான் பிழைக்கும்.

பொந்தைக் காத்துவந்த ஆமை, "இனி எனக்கு முடியலப்பா" என்று ஆற்றுக்குள் இறங்கிவிட்டது. ஆகவே தேர்தல் வந்தது. மலை, புதர், ஆற்றங்கரை என்று எல்லாப் பக்கத்து விலங்குகளும் ஆளுக்கொரு புளியங்கொட்டையோடு வந்தன. பிடித்தவர் முன்னால் கொட்டையைப் போட வேண்டும். அவ்வளவுதான்.

நின்றவர்கள் இரண்டு பேர். காகம், குரங்கு.

முள்ளம்பன்றி தன் குட்டிகளோடு முன்னால் வந்தது. போன கோடையில் பொந்து சீக்கிரமே காலியாகி, அதன் குட்டி ஒன்று பசியில் போய்விட்டது.

"இந்தக் கோடைக்காவது அரிசி மிஞ்சுமா?" என்று கேட்டது.

"பாதிதான் இருக்கு! கா! கா!" என்று கத்தியது காகம். "ஆமை கண்ணயர்ந்தப்போ எல்லாம் யாரோ எடுத்திருக்காங்க! வந்து பாருங்க! கா! கா!"

நரி காதைப் பொத்திக்கொண்டது. "அட, சும்மா இருடா! ஒரு பருக்கை கண்டாலும் ஊரைக் கூட்டுற பய நீ. ரகசியம் காக்கத் தெரியாத நீயா களஞ்சியத்தைக் காக்கப்போறே?"

எல்லாரும் சிரித்தார்கள்.

முள்ளம்பன்றி குரங்கிடம் திரும்பியது. "நீங்க சொல்லுங்கண்ணே. யாரு எடுக்குறா?"

குரங்கு கையைக் கட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டியது. "ம்ம்."

"அடக்கத்தைப் பாரு!" என்றது கரடி. "கன்னமெல்லாம் பூரிச்சு, முகத்துல என்ன களை!"

"நிறைகுடம் தளும்பாது!" என்றது நரி.

குரங்கின் முன்னால் கொட்டைகள் குவிந்தன. முள்ளம்பன்றியும் அங்கேதான் போட்டது. காகத்தின் முன்னால் கிடந்தது காகம் போட்ட ஒன்றுதான்.

காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்தவர் பொந்தின் முன் நின்று, எல்லாரும் கேட்க, "காப்பேன்" என்று சொல்ல வேண்டும். அதுவரை பதவி இல்லை.

"ம்ம்" என்றது குரங்கு.

"அது செல்லாதுண்ணே! வாயைத் திறந்து சொல்லுங்க!" என்றது முள்ளம்பன்றி.

குரங்கு அவசரமாக விழுங்கப் பார்த்தது. தொண்டை அடைத்தது. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தது.

"கா..."

இரண்டு கன்னத்திலிருந்தும் மூங்கிலரிசி பொலபொலவென்று கொட்டியது. முள்ளம்பன்றிக் குட்டிகள் ஓடிப்போய் நக்கின.

"நிறைகுடம் தளும்பிடுச்சு போலிருக்கே!" என்றது கரடி. நரி தன் வாலைப் பார்த்துக்கொண்டது.

முள்ளம்பன்றி தன் கொட்டையைப் பொறுக்கிக் காகத்தின் முன்னால் வைத்தது. "தம்பி, நீயும் அந்தச் சொல்லைச் சொல்லணும்."

"கா! கா!"

"போதும். இத்தனை நாளா நீ அதைத்தானே சொன்னே! எங்களுக்குத்தான் இரைச்சலாக் கேட்டுச்சு."

ஒவ்வொன்றாக மற்றக் கொட்டைகளும் இடம் மாறின.

பொதுப் பொருளைக் காக்க, வாய் மூடியவரைவிட வாய் ஓயாதவரே மேல்.